ஏரியா நெகட்டிவ் என்று லோன் மறுத்தால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

என் மச்சான் கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு பார்த்தான். முதல் மாடி, 520 சதுர அடி, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். விலை பேசி முடித்து, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஒரு தனியார் வங்கியில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பம் போட்டு, லீகலுக்கு, வேல்யூவேஷனுக்கு என்று கேட்ட பணத்தையும் கட்டியாயிற்று. மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் போன் செய்தார். "சார், ஃபைல் ரிஜெக்ட் ஆயிடுச்சு. உங்க ஏரியா நெகட்டிவ்ல இருக்கு. நான் என்ன சார் பண்றது, மேலேர்ந்து சொல்லிட்டாங்க." போனை வைத்துவிட்டார்.

நெகட்டிவ் என்றால், அந்தப் பகுதிச் சொத்துக்குக் கடன் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த இடம். வடசென்னையில் வீடு வாங்க அலைந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். 600039 என்று பின்கோடைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, எண்ணூர் என்று ஊர்ப் பெயர்தான் மாறும், பேச்சு மாறாது. லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் என் மச்சான், சம்பளம் வங்கி வழியாக வருகிறது, ஒரு தவணை தவறியதில்லை. அதே சம்பளச் சீட்டோடு வேளச்சேரியில் வீடு பார்த்திருந்தால் இதே ஏஜென்ட் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அந்தப் போனுக்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வாயால் சொன்ன காரணத்தோடு திரும்பி வராதீர்கள், அதைக் காகிதத்தில் வாங்குங்கள். வாயில் வந்த காரணம் காகிதத்துக்கு வரும்போது பெரும்பாலும் வேறு காரணமாகிவிடும். அந்த வேறு காரணத்தை நாம் சரிசெய்யவோ எதிர்த்துக் கேட்கவோ முடியும். "ஏரியா" என்பதை என்ன செய்ய முடியும், வீட்டைத் தூக்கிக்கொண்டு தி. நகருக்கா போக முடியும்?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் ஏமாற்றமாக இருக்கும். எனக்குக் கடன் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த வங்கியையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்களுடைய வியாபார முடிவு. ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன், அதாவது வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி, அந்த முடிவுக்குள் தலையிட மாட்டார், அப்படி ஒரு புகார் போட்டால் ஏற்கமுடியாது என்று திரும்பி வந்துவிடும். ஆனால் எப்படி மறுக்கிறார்கள் என்பதற்கு விதி இருக்கிறது. 2003-இல் ரிசர்வ் வங்கி கடன் கொடுப்போருக்கான நியாய நடைமுறை விதிகள் என்று ஒன்றைப் போட்டது. விண்ணப்பம் வாங்கினால் அத்தாட்சி தரவேண்டும், என்னென்ன கட்டணம், கடன் கிடைக்காவிட்டால் அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டும், மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். எழுத்தில் காரணம் தருவது முதலில் சிறு கடன்களுக்கு மட்டும் இருந்தது, 2007-இல் எல்லாக் கடனுக்கும் என்று ஆக்கினார்கள். ஆக, ஏஜென்ட் போனில் சொன்னது நிராகரிப்பே இல்லை. நிராகரிப்பு என்பது காகிதம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் வெளியிட்டது, ஐந்து உரிமைகள். முதல் உரிமையே நியாயமாக நடத்தப்படுவது. ஆண் பெண், வயது, மதம், சாதி, உடல் திறன் இவற்றை வைத்து வேறுபாடு காட்டக்கூடாது என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஏரியா என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் வடசென்னையில் ஏரியா என்று யாராவது சொன்னால் அதற்குப் பின்னால் வேறு என்னென்ன ஒளிந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே கதை அப்பட்டமாகவே நடந்தது. 1930-களில் அங்கே ஒரு அரசு நிறுவனமே ஊர் ஊராக வரைபடம் போட்டு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று எழுதிவைத்தது. பிறகு சண்டை போட்டுச் சட்டங்கள் வந்தன. 1968-இல் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டுக்குத் தடை, 1974-இல் கடன் விஷயத்தில், 1975-இல் எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு வீட்டுக்கடன் கொடுத்தோம் என்ற கணக்கை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று ஒன்று, 1977-இல் எங்கே டெபாசிட் வாங்குகிறாயோ அந்த வட்டாரத்துக்கும் கடன் கொடு என்று ஒன்று. நம்மிடம் அந்த மூன்றாவது, அதாவது பகுதிவாரிக் கணக்கைப் பொதுவில் வைக்கும் சட்டம், இல்லை. தண்டையார்பேட்டையில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனையைத் தள்ளினார்கள் என்று நீங்களும் நானும் பார்க்க வழியில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காகிதம் வாங்க வேண்டியிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

உங்களுக்குக் கடன் மறுத்தது யார் என்று முதலில் பாருங்கள். வங்கியா, வீட்டுக்கடன் நிறுவனமா? ஒரே பெயர், ஒரே லோகோ, இரண்டு கம்பெனிகளாக இருக்கும். பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முழுப் பெயரைப் பாருங்கள். "ஹவுசிங் ஃபைனான்ஸ்", "ஹோம் ஃபைனான்ஸ்" என்று முடிந்தால் பெரும்பாலும் வீட்டுக்கடன் நிறுவனம். இது ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் புகார் போகும் வாசல் வேறு. 2019 ஆகஸ்ட் 9 முதல் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு விதி போடுவது ரிசர்வ் வங்கிதான், ஆனால் அவற்றை மேற்பார்வை பார்ப்பதும் புகார் வாங்குவதும் டெல்லியில் இருக்கும் தேசிய வீட்டுவசதி வங்கி. ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்பட்ஸ்மேன் திட்டம் வங்கிகளுக்கும் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும், வீட்டுக்கடன் நிறுவனங்களை வெளியே வைத்துவிட்டார்கள். வடசென்னையில் தினக்கூலி, மீன் வியாபாரம், சின்னக் கடை என்று வருமானத்துக்குக் காகிதம் இல்லாதவர்கள் அதிகம் போவது இந்த நிறுவனங்களுக்குத்தான். அவர்களுடைய புகார்தான் தவறான வாசலுக்குப் போய்த் திரும்பி வருகிறது.

அடுத்தது கடிதம். ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள், அவர் வங்கியின் ஆளே இல்லை, கமிஷனுக்கு வேலை செய்கிறவர். கிளை மேலாளருக்கு எழுதி, அதையே வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், பக்கத்துத் தபால் ஆபீசில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்காக நான் எழுதியது இவ்வளவுதான்:

"ஐயா, எனது வீட்டுக்கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக இந்தத் தேதியில் இந்த எண்ணிலிருந்து தொலைபேசியில் சொல்லப்பட்டது. ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளின்படி நிராகரிப்புக்கான முக்கியக் காரணங்களை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சொத்து இருக்கும் பகுதி ஒரு காரணம் என்றால் அதையும் குறிப்பிடவும். சட்ட ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் நான் செலுத்திய தொகைக்கு ரசீதும், அதில் திரும்பத் தரவேண்டிய தொகை எவ்வளவு என்ற விவரமும் தரவும். இதைப் புகாராகப் பதிவு செய்து புகார் எண் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புகார் எண் இல்லாத கடிதம் அவர்கள் மேசையில் வெறும் விசாரிப்பு. புகார் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள் கணக்கு ஓடும், அதற்குப் புகார் எண்தான் சாட்சி. "சொத்து இருக்கும் பகுதி ஒரு காரணம் என்றால்" என்ற வரியையும் வேண்டுமென்றேதான் போட்டேன். ஆமாம், உங்கள் பேட்டையே எங்களுக்கு ஆகாது என்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது.

பன்னிரண்டாம் நாள் பதில் மின்னஞ்சலில் வந்தது. இரண்டு வரி. 1986-ஆம் வருடத் தாய்ப் பத்திரத்தின், அதாவது சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரத்தின், ஜெராக்ஸ் மட்டுமே இருக்கிறது, அசலோ சான்றிட்ட நகலோ இல்லை, அதனால் சொத்தின் உரிமைத் தொடர்ச்சி நிறைவாக இல்லை. அவ்வளவுதான். ஏரியாவைக் காணோம், நெகட்டிவையும் காணோம். மச்சான் அதைப் படித்துவிட்டு, "இதுக்கா மாமா ஒரு மாசம் தூங்காம இருந்தேன்?" என்றான். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுத்தோம். விற்கிறவர் வீட்டில் அசல் தொலைந்துபோன கதையைக் கிளறி, காவல் நிலையத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் வாங்கி, பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்கள். அதே ஃபைலை ஒரு பொதுத்துறை வங்கிக்குக் கொண்டுபோனோம். அதே கொருக்குப்பேட்டை, அதே ரயில்வே கேட், கடன் கிடைத்தது.

இங்கே வங்கிகளின் பக்கம் கொஞ்சம் பேசியாக வேண்டும். வடசென்னையில் பத்திரச் சிக்கல் என்பது கட்டுக்கதை இல்லை. கோயில் நிலம் இருக்கிறது, புறம்போக்கு இருக்கிறது, மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காத வீடுகள் இருக்கின்றன, திருவொற்றியூர்ப் பக்கம் இதற்கெல்லாம் உதாரணம் தேடி அலைய வேண்டாம். வாரிய வீடு என்றால் இன்னும் கவனம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியதே, அதன் ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பதும் விற்பனைப் பத்திரம் வைத்திருப்பதும் ஒன்றல்ல. பாக்கியைக் கட்டி முடித்து விற்பனைப் பத்திரம் பதியாத வாரிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் கைமாற்றி விற்கிறார் என்றால், அதற்கு வங்கி கடன் மறுப்பதைப் பாகுபாடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டை வாங்காதே என்று உங்களுக்கு இலவசமாகச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடும் முன்பே பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாவற்றிலும் ஒரே பெயரும் ஒரே அளவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பழைய அடுக்குமாடி என்றால் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் தேடிப் படியுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள்.

எழுத்தில் வரும் இன்னொரு காரணம் சிபில், அதாவது நீங்கள் இதுவரை வாங்கிய கடன்களைக் கட்டிய வரலாறு. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும், இதற்கெல்லாம் கடைக்காரரிடம் 500 ரூபாய் கொடுக்காதீர்கள். எப்போதோ அடைத்த டூவீலர் லோன் இன்னும் பாக்கி என்று நிற்கும், அடுத்தவர் கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கும். திருத்தக் கேட்டால் 30 நாளில் முடிக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. முதல் முறை கடன் கேட்கிறவரிடம் "உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லை" என்று சொல்லி, அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளுவதையும் ரிசர்வ் வங்கி கூடாது என்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, தையல் மெஷின் ஆறு போட்டு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்கிறார், கணவர் இல்லை. அவரிடம் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் "ஜென்ட்ஸ் யாராவது கோ-அப்ளிகன்ட் வேணும்மா" என்று சொன்னார்கள். பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம், வருமானமே இல்லாத பையனை! வருமானம் போதவில்லை, அதனால் சம்பாதிக்கும் இன்னொருவர் வேண்டும் என்றால் அது நியாயமான கேள்வி. ஆண் வேண்டும் என்றால் அது அப்பட்டமான ஆண் பெண் வேறுபாடு. "இந்த நிபந்தனையை எழுத்தில் கொடுங்க சார்" என்று அக்கா கேட்டார். அடுத்த வாரமே நிபந்தனை மாயமாகிவிட்டது.

இன்னொரு விஷயம், வீட்டுக்கடன் நிறுவனங்கள் கடனாளிக்கு அனுப்பும் கடிதம் எல்லாம் வட்டார மொழியில் அல்லது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கொடுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பது இல்லை.

இனி புகார். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் மேலே போகலாம். வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் போர்டல், முகவரி சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். போன் மூலம் விவரம் கேட்க 14448, தமிழிலும் பேசுகிறார்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் காகிதத்தில் எழுதிச் சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கே போய் மனு கொடுத்துவிடலாம் என்று நம் ஆட்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். தேவையில்லை, எந்த ஊர்ப் புகாரும் ஒரே மையத்தில் பதிவாகித்தான் பிரித்து அனுப்பப்படுகிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் மூலமாகப் போட்டால் ஏற்க மாட்டார்கள், நீங்களே போட வேண்டும். வங்கியின் பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்று 2021 திட்டத்தில் வைத்தார்கள். அதே விஷயம் கோர்ட்டில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். 2021 திட்டத்தில் நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் ஈடு தரச் சொல்லும் அதிகாரம் ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு என்று வைத்தார்கள்.

புகாரில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எனக்குக் கடன் தரவில்லை" என்று எழுதினால் வியாபார முடிவு என்று தள்ளிவிடுவார்கள். "விண்ணப்பத்துக்கு அத்தாட்சி தரவில்லை, நிராகரிப்புக்கு எழுத்தில் காரணம் தரவில்லை, கட்டணத்துக்கு ரசீது தரவில்லை, இந்தத் தேதியில் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை" என்று எழுதுங்கள். இது சேவைக் குறைபாடு, இதைத் தள்ள முடியாது. பத்து வருடக் கஷ்டத்தை எல்லாம் எழுத வேண்டாம். தேதி, தொகை, புகார் எண், இணைப்பு, முடிந்தது.

வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு, ஒரு மாதம் பார்த்துவிட்டு தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் போர்டலில். ஆன்லைனில் முடியாவிட்டால் டெல்லி லோதி ரோடு, இந்தியா ஹேபிடட் சென்டரில் இருக்கும் அவர்களுடைய புகார்ப் பிரிவுக்குத் தபாலில். பொறுமை வேண்டும், இங்கே வேகம் கொஞ்சம் குறைவு என்பது என் அனுபவம்.

பொதுத்துறை வங்கி என்றால் கையில் இன்னொரு கருவியும் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டி, என் ஃபைலில் வக்கீல் எழுதிய கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, நிராகரிப்புக் குறிப்பு இவற்றின் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். வணிக ரகசியம் என்று சிலதை மறைப்பார்கள், இருந்தாலும் உங்கள் சொந்த ஃபைலைப் பற்றிக் கேட்கும்போது ஏதாவது கிடைக்கும். தனியார் வங்கியிடம் இது செல்லாது. எல்லாம் போய் நஷ்டம் பெரிதாக இருந்தால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்குமேல் அது வேறு கதை.

ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அபராதம் போடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 47ஏ பிரிவில் அதற்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஆனால் எந்த வங்கி எதற்கு மாட்டியது என்பதை அவர்கள் தளத்தில் வெளியிடுகிறார்கள், கடன் கேட்கப் போகும் முன் ஐந்து நிமிஷம் அதைப் படிப்பது நல்லது.

கடன் கிடைத்துவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். நியாயம் இல்லாமல் நடப்பதில் பாதி கையெழுத்துக்குப் பிறகுதான் நடக்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக்கடனுக்கு முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். வட்டி, செயலாக்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ், லீகல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணாக அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு வங்கிகளை ஒப்பிட வேண்டும், போர்டில் போட்டிருக்கும் வட்டியை வைத்து அல்ல. யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு, "இன்னைக்கே சைன் போடணும் சார், ஆஃபர் முடியுது" என்பதெல்லாம் சும்மா. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

மச்சானுக்கு வந்த தாளில் ஒரே தவணையில் பிரீமியம் கட்டும் இன்ஷூரன்ஸ் ஒன்று 64,000 ரூபாய்க்குச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது, கடனோடேயே சேர்த்து, அதற்கும் இருபது வருட வட்டி. கட்டாயமா என்று கேட்டோம். "கட்டாயம் இல்ல, ஆனா எல்லாரும் போடுவாங்க" என்றார் அந்த அம்மா, நல்ல மாதிரிதான் பேசினார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம், எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்றும் பாருங்கள். கடன் ஒப்புதலான நாளிலிருந்தோ, செக்கில் போட்ட தேதியிலிருந்தோ வட்டி போட்டுவிட்டு, செக்கை நாள் கழித்துக் கையில் கொடுப்பதைச் சில இடங்களில் கண்டுபிடித்து, அதிகம் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும்போது தவணையை ஏற்றாமல் வருடத்தைச் சத்தமில்லாமல் நீட்டிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் வந்த விதிப்படி, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று உங்களைக் கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அறிக்கையும் தரவேண்டும். மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கேட்டால் கட்டாதீர்கள்.

கடைசியாகப் பத்திரம். கடனை முழுக்க அடைத்த நாளிலிருந்து 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் இருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய், 2023 டிசம்பர் 1 முதல். என் சொந்தக் கடனை அடைத்தபோது பத்திரம் வேறு ஊர்ப் பெட்டகத்தில் இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று 47 நாள் இழுத்தார்கள். பதினேழு நாள் தாமதம், 85,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். கிளையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், "இது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?" என்றார். முதல் பதில் மறுப்புத்தான் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் போவேன் என்று எழுதிய பிறகு பணம் கணக்கில் ஏறியது.

பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அங்கேயே நின்று, கொடுத்தபோது வாங்கிய பட்டியலை வைத்து ஒவ்வொரு தாளாகச் சரிபாருங்கள். நம்மூரில் கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கு எம்ஓடி என்ற ஆவணம் பதிந்திருப்பார்கள், அதை ரத்து செய்யும் ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், வங்கி ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பதிந்து பத்து நாள் கழித்துப் புதிய வில்லங்கம் ஒன்று போட்டுப் பாருங்கள், அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று.